இடது காலின் வேலை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கும்போது எழும் கேள்விகளில் நிறம், வயது, ஓடிய தூரம், விலை எல்லாவற்றுக்கும் எங்காவது ஓரிடத்தில் விடை கிடைத்துவிடுகிறது. கியர்பாக்ஸ் பற்றிய கேள்வி மட்டும் பணம் கைமாறிய பிறகும் ஓய்வதில்லை. கிளட்சை மிதித்துக் கையால் கியர் போடும் மேனுவலா, தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கா என்பதைக் காபியா டீயா என்பதுபோல ருசி சார்ந்த விஷயமாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். புது வண்டிக்கு அது ஓரளவு சரி. பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய வண்டிக்குச் சரிப்படாது. மேனுவல் வண்டியின் கிளட்ச் தட்டில் முகம் தெரியாத ஒருவரின் இடது கால் இத்தனை ஆண்டுகள் என்ன செய்தது என்பது தேய்மானமாகப் பதிந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியின் எண்ணெயில் அதே ஆண்டுகள் வேறுவிதமாகக் கறுத்துக் கிடக்கின்றன. வாங்குகிறவர் தன் விருப்பத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறார். கைக்கு வந்து சேர்வது இன்னொருவரின் பழக்கம். எந்தப் பழைய வண்டிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவதற்கு ஓட்டும் இன்பத்தைத் தவிர வேறு நியாயம் கிடையாது, கடைக்குப் போய்வர வீட்டில் வேறு வண்டி நிற்கும் என்பதால், அங்கே அது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பலவீனம் உண்டு. நின்ற நிலையிலிருந்து அதனால் எதையும் இழுக்க முடியாது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளாவது சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அணைந்துவிடும். சுழலும் எஞ்சினையும் அசையாமல் நிற்கும் சக்கரத்தையும் முறுக்கிக்கொள்ளாமல் சேர்த்துவைப்பது கிளட்சின் வேலை. ஃப்ளைவீலுக்கும் அழுத்தத் தகட்டுக்கும் நடுவே ஓர் உராய்வுத் தட்டு. மிதித்தால் விலகும், விட்டால் பிடிக்கும். மிதிப்பதற்கும் விடுவதற்கும் இடையில், நம் ஊர் ஓட்டுநர்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் நிலையில்தான் அந்தத் தட்டு தேய்கிறது. மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் ஆளிடம் இருபதாயிரம் கிலோமீட்டரில் தீர்ந்துபோகும் தட்டு, பதமறிந்த காலின் கீழ் ஒரு லட்சத்தைத் தாண்டியும் உழைக்கும். கியர்களைச் சேர்ப்பது அடுத்த வேலை. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பல்சக்கரங்களை இரைச்சலின்றி இணைக்க ஒரு காலத்தில் டபுள் கிளட்ச் போட வேண்டியிருந்தது. பழைய லாரி ஓட்டிய பெரியவர்களுக்கு அது இன்னும் காலில் இருக்கிறது. 1928-இல் காடிலாக் கொண்டுவந்த சின்க்ரோமெஷ் அந்தத் தேவையை ஒழித்தது: பல்சக்கரங்கள் சேர்வதற்கு முன் ஒரு கூம்பு வளையம் உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடுகிறது. உரசி வேலை செய்வதால் அதுவும் தேயும். முதலில் தேய்வது பெரும்பாலும் இரண்டாம் கியரின் வளையம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போதும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போதும் அது சரிக்கட்ட வேண்டிய வேக வித்தியாசம் அதிகம். போர்ஷே 911-இல் 1972 முதல் 1986 வரை இருந்த 915 என்ற கியர்பாக்ஸ், குளிரில் இரண்டாம் கியருக்குப் போக மறுப்பதற்குப் பேர்போனது. நெம்புகோலை அவசரப்படுத்தினால் பல் கடிக்கும் சத்தம் கேட்கும். 1987-இல் வந்த ஜி50 அந்த முரண்டை நீக்கியது. இன்றும் அந்தக் காலத்து 911-களில் ஜி50 உள்ளவற்றுக்கு விலை கூடுதல். மேனுவல் என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவதற்குள்ளேயே இவ்வளவு தூரம் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக்கின் பூர்வீகம் கப்பல். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர், வேகமாகச் சுழலும் டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க 1905-இல் உருவாக்கிய திரவ மாற்றிதான் பின்னாளில் டார்க் கன்வெர்ட்டர் என்று காருக்குள் வந்தது. ஒரு விசிறி எண்ணெயைத் தள்ளுகிறது, அந்த எண்ணெய் எதிரே இருக்கும் இன்னொரு விசிறியைச் சுழற்றுகிறது. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்வதே இல்லை. அந்த இடத்தில் தேய்வதற்குத் தட்டு இல்லை, மிதிப்பதற்குப் பெடல் இல்லை. ஆனால் நடுவில் எண்ணெய் இருப்பதால் கால் கேட்டதும் வண்டி கொடுப்பதும் ஒரே நொடியில் நடப்பதில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் முதலில் எஞ்சின் உறுமும், பிறகுதான் வண்டி நகரும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் ரப்பர் கயிற்றால் கட்டி இழுப்பதுபோல என்று குறைபட்டுக்கொண்டது இந்த இடைவெளியைப் பற்றித்தான். அமெரிக்காவின் முதல் பெரிய ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் 1953-இல் வந்தபோது, அந்த ஆண்டு செய்த 300 வண்டிகளிலும் இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் இருந்தது. மேனுவல் 1955-இல்தான் கிடைத்தது. அதன்பின் அறுபது ஆண்டுக்கு மேல் மேனுவல் கார்வெட் ஓட்டுவதே ஆண்மை என்று பேசிவந்த கூட்டம், 2020-இன் எட்டாம் தலைமுறை கார்வெட்டில் கிளட்ச் பெடலே இல்லை என்று அறிந்து துக்கம் காத்தது. வண்டி தொடங்கிய இடத்துக்குத்தான் திரும்பிவந்திருக்கிறது என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

கார்வெட்டைச் செய்த நிறுவனத்தின் மறைமுக உதவியோடு டெக்ஸஸ் மாநிலத்தில் ஜிம் ஹால் செய்த சாபரல் பந்தயக் கார்கள் தனிக்கதை. டார்க் கன்வெர்ட்டர் வைத்த சாபரல் 2டி, 1966-இல் நூர்பர்க்ரிங்கின் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்தை வென்றது. உலகின் மிகக் கடினமான வளைவுகள் கொண்ட தடத்தில் வென்ற வண்டிக்குக் கிளட்ச் பெடல் இல்லை. அதே ஆண்டின் 2இ காரில் இன்னும் ஒரு படி போனார்கள். வேலையில்லாமல் கிடந்த இடது காலுக்கு ஹால் வேறு வேலை கொடுத்தார். வண்டியின் பின்னால் உயரத்தில் நின்ற பெரிய இறக்கையின் சாய்வை மாற்றும் பெடல் அது. நேர்ப்பாதையில் மிதித்தால் இறக்கை படுத்துக் காற்றை வெட்டும், வளைவு வந்ததும் காலை எடுத்தால் நிமிர்ந்து வண்டியைத் தரையோடு அழுத்தும். ஆட்டோமேட்டிக் என்றால் சோம்பேறியின் வண்டி என்ற எண்ணம் ஊன்றிப்போன ஓர் உலகத்தில் இந்தச் செய்தி ஏன் பரவலாக நினைக்கப்படுவதில்லை என்பது யோசிக்கத்தக்கது. கால் விடுதலையானால் அதைக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவர்கள் சிலரே. மற்றவர்கள் அதைத் தரையில் ஊன்றிவைத்துக்கொண்டு, ஏதோ பறிபோனதுபோல உணர்ந்தார்கள்.

போர்ஷே இந்த உணர்வோடு சமரசம் பேச முயன்றது. 1967-இல் வந்த ஸ்போர்டோமாட்டிக் கியர்பாக்ஸில் நெம்புகோல் உண்டு, நான்கு கியர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. கியர் குமிழில் கைவைத்த கணமே உள்ளிருக்கும் சின்ன சுவிட்ச் அதை உணர்ந்து கிளட்சை விலக்கிவிடும். கியர் மாற்றாமல் சும்மா நெம்புகோல்மேல் கையை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் உள்ளவர்களை அந்த வண்டி தண்டித்தது: கை பட்டதும் இழுவை அறுந்து எஞ்சின் வீணே கத்தும். 1980 வரை அது விற்பனையில் இருந்தது. 1989-இல் 964 வகை 911-இல் டிப்ட்ரானிக் வந்தது. டார்க் கன்வெர்ட்டரோடு சேர்ந்த முழு ஆட்டோமேட்டிக்; விரும்பினால் நெம்புகோலைத் தட்டிக் கியரை ஏற்றலாம், இறக்கலாம். ஓட்டுநர் கேட்பார், கியர்பாக்ஸ் யோசித்துத் தரும். 996 வகை 911 கரேரா மேனுவலில் மணிக்கு நூறு கிலோமீட்டரை 5.2 நொடியில் எட்டியது, டிப்ட்ரானிக்கில் 6.0 நொடி. இந்த முக்கால் நொடிதான் இன்று பழைய 996-களின் விலைச் சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே எஞ்சின், அதே உடல், அதே தோல் இருக்கைகள் இருந்தும் டிப்ட்ரானிக் வண்டி மலிவு. நகர நெரிசலில் ஓட்டவும், தொலைதூரம் அலுங்காமல் போகவும் வேண்டியவருக்கு அது நல்ல பேரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் ஏன் 911 வாங்க வேண்டும் என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. அது கொஞ்சம் மரியாதையற்ற கேள்விதான்.

மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் நடுவில் ஒரு தலைமுறை கியர்பாக்ஸ்கள் பிறந்து, வாழ்ந்து, அவமானப்பட்டு ஓய்ந்துவிட்டன. 1989-இல் ரியோவில் நடந்த பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஃபெராரி 640-ஐ ஓட்டி வென்றார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள். விரலால் இழுத்தால் ஹைட்ராலிக் அழுத்தம் கியரை மாற்றும். வண்டி பாதியில் நின்றுவிடும் என்று நம்பி அவர் முன்கூட்டியே கிளம்பும் விமானத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார் என்பது பந்தய உலகம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கும் கதை. அந்தத் துடுப்புகள் 1997-இல் ஃபெராரியின் எஃப்355 வழியாகச் சாலைக்கு வந்தன. பிஎம்டபிள்யூ தன் பங்குக்கு எஸ்.எம்.ஜி. என்ற பெயரில் அதையே எம்3-இல் வைத்தது. இவற்றுக்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே தட்டு, அதே பல்சக்கரம். ஓட்டுநரின் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு பம்ப்பும் சில வால்வுகளும் ஒரு கணினியும். நெரிசலில் இவை தலையாட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி ஒருகணம் மூச்சை நிறுத்தி, பிறகு முதுகில் தள்ளும். முழு வேகத்தில் அதே தள்ளல் ஆனந்தமாக இருக்கும். இருபது ஆண்டு கழித்து அந்தப் பம்ப்பும் அதன் மோட்டாரும் களைத்துவிடுகின்றன, மாற்றும் செலவு வண்டியின் விலையில் கணிசமான பங்கைத் தின்கிறது. இதில் ஒரு பாரபட்சமும் உண்டு. மேனுவல் வண்டியில் கிளட்ச் போனால் அது தேய்மானம், எஸ்.எம்.ஜி. வண்டியில் பம்ப் போனால் அது கோளாறு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இ46 வகை எம்3-இல் இரண்டு வடிவத்துக்கும் கியர்பாக்ஸ் அடிப்படையில் ஒன்றே என்பதால், பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளட்ச் பெடல் பொருத்தி மேனுவலாக மாற்றித் தரும் பட்டறைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நன்றாகவே பிழைக்கின்றன. எனினும் அதே எம்3-இன் எடை குறைத்த சி.எஸ்.எல். வடிவம் 2003-இல் எஸ்.எம்.ஜி.யோடு மட்டுமே வந்தது. இன்று சாதாரண மேனுவல் எம்3-களைவிடப் பல மடங்கு விலை போகிறது. கியர்பாக்ஸ்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல வருகிறவரை இந்த ஒரு வண்டி வழிமறித்து நிற்கிறது.

பிறகு இரட்டைக் கிளட்ச் வந்தது, வேகத்தைப் பற்றிய வாதம் முடிந்துபோனது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. மூன்றாம் கியரில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காம் கியர் ஏற்கெனவே கோக்கப்பட்டுக் காத்திருக்கும். ஒன்று விட மற்றது பிடிக்கும். இழுவை அறுவதே இல்லை. போர்ஷே இதை 1980-களிலேயே 956, 962 பந்தயக் கார்களில் சோதித்தது. மின்னணுவியல் அன்று போதவில்லை. பெருமளவில் விற்கும் சாலை வண்டிக்கு அதை முதலில் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வாகன், 2003-இன் கோல்ஃப் ஆர்32-இல். போர்ஷேவின் இரட்டைக் கிளட்சான பி.டி.கே. 2008-இல் 997 வகை 911-இன் மறுபதிப்போடு வந்தது. அந்தக் கரேரா மேனுவலில் நூறை எட்ட 4.9 நொடி, பி.டி.கே.யில் 4.7. பத்தாண்டுக்கு முன் முக்கால் நொடி பின்தங்கியிருந்த பெடல் இல்லாத வண்டி இப்போது முன்னால் போய்விட்டது. ஒரு தேர்ந்த ஓட்டுநர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கியர் மாற்றத்தைச் செய்தாலும் ஒரு புதிய ஓட்டுநரின் விரல் நுனிக்கு இணையாக முடியாது. எரிபொருளும் குறைவு. மேனுவலை ஆதரிக்க அதுவரை சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வேகம், சிக்கனம், நேரடித்தன்மை எல்லாம் போன பிறகும் மேனுவலை விரும்பியவர்களின் விருப்பம் குறையவில்லை. ஒரு விருப்பத்தின் காரணங்களையெல்லாம் எடுத்துவிட்ட பிறகும் விருப்பம் அப்படியே இருந்தால், அந்தக் காரணங்கள் முன்பு எதற்காகச் சொல்லப்பட்டன?

மேனுவலில் எஞ்சுவது தவறு செய்யும் வாய்ப்பு என்று சொல்லிப் பார்க்கலாம். வளைவுக்கு முன் வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, அதே காலின் ஓரமோ குதிகாலோ ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சின் வேகத்தை உயர்த்த, இடது கால் கிளட்சை மிதிக்க, கை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்க, எல்லாம் ஒரே மூச்சில் நடந்தால் வண்டி ஒரு சிலிர்ப்பும் இல்லாமல் வளைவுக்குள் வழுக்கும். பத்துக்கு ஒருமுறை நடக்கும். மற்ற ஒன்பது முறை ஏதோ ஓர் அரைநொடி தப்பி, பின்சக்கரங்கள் லேசாக உதறும். அந்த ஒன்பதும் இல்லையென்றால் பத்தாவதற்குப் பொருள் இருக்காது என்பது மேனுவல்காரர்களின் உள்மனக் கணக்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வண்டியில் அந்த ஒன்பது தவறுகளையும் செய்து முடித்தவர் வேறொருவர். ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் போட்டுவிட்டால், சக்கரங்கள் எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் வலுக்கட்டாயமாகச் சுழற்றும். எரிபொருளை வெட்டி எஞ்சினைக் காக்கும் கருவியால் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் இங்கே எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் இல்லை, ஓடும் வண்டியின் கனம். வால்வுகள் வளையும், பிஸ்டனில் மோதும். 997 போன்ற போர்ஷேக்களின் கணினி இப்படி எல்லை மீறியவற்றை ஆறு படிகளாகப் பிரித்து, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணிநேரத்தில் நடந்தது என்பதோடு குறித்துவைக்கிறது. கீழ்ப்படிகள் உற்சாகத்தில் எல்லையைத் தொட்டதால் வந்தவையாக இருக்கலாம். மேற்படிகளில் எண் இருந்தால் அது கை தவறிய கியர், சந்தேகமில்லை. வாங்குமுன் இந்தப் பதிவைப் படிக்கச் சொல்வது போர்ஷே வாங்குகிறவர்களிடையே வழக்கமாகிவிட்டது. பி.டி.கே.யும் டிப்ட்ரானிக்கும் அப்படிப்பட்ட கீழ்க்கியரை ஓட்டுநர் கேட்டாலும் தருவதில்லை. ஒருவரின் இன்பம் அடுத்தவரின் எஞ்சினில் மணிக்கணக்கோடு எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, தவறு செய்யும் சுதந்திரம் என்ற பேச்சு சற்றே கூச்சமாகிவிடுகிறது.

விலையின் கதை இதைவிட விநோதம். 2013-இல் போர்ஷே தன் 991 வகை 911 ஜி.டி.3-ஐப் பி.டி.கே.யோடு மட்டுமே விற்றது. பந்தயத் தடத்தில் எது வேகமோ அதுதான் ஜி.டி.3 என்பது நிறுவனத்தின் நிலை. வாடிக்கையாளர்களின் முணுமுணுப்பு அடங்கவில்லை. 2016-இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர், 991 வண்டிகள் என்ற வரம்போடு வந்தது. அத்தனையும் கைமாறிய கையோடு மறுவிற்பனையில் விலை பல மடங்கானது. மறு ஆண்டு ஜி.டி.3-இலேயே மேனுவல் திரும்பிவந்தது. ஃபெராரியின் நிலை இன்னும் கூர்மையானது. எஃப்430 வந்தபோது வாங்கியவர்களில் பெரும்பாலோர் துடுப்பு வைத்ததையே கேட்டார்கள். பளபளக்கும் உலோகத் தட்டில் வெட்டிய தடங்களுக்குள் நெம்புகோல் கிளிக் கிளிக்கென்று நகரும் மேனுவலை வாங்கியவர்கள் பழமைவாதிகள் என்று கருதப்பட்டார்கள். அடுத்து வந்த 458-இல் மேனுவலே இல்லை. அன்று வேண்டாம் என்று விடப்பட்டதால் அரிதான அதே வண்டி, அரிதானதாலேயே இன்று அள்ளிக்கொடுத்து வாங்கப்படுகிறது. அன்று தவிர்த்தவர்களும் இன்று வாங்குகிறவர்களும் ஒரே ஆட்களாகவும் இருக்கக்கூடும். இந்தக் கூடுதல் விலை உலோகத் தட்டின் சத்தத்துக்கா, எண்ணிக்கைக்கா என்று பிரித்தறிய வழியில்லை. ஒன்று மட்டும் கண்கூடு. விலை ஏற ஏற வண்டி ஓடுவது குறைகிறது. ஓட்டும் இன்பத்துக்காகவே மதிப்பு கூடிய வண்டி, கிலோமீட்டர் ஏறினால் மதிப்பு குறையும் என்ற பயத்தில் போர்வைக்குள் நிற்கிறது. அப்படி நின்ற வண்டியின் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஃபெராரியின் கிளட்ச் பெடல் கனமானது; நெரிசலில் அரைமணி நேரம் மிதித்தால் தொடை நடுங்கும். இப்படிப்பட்ட வண்டி வாங்கும் அளவுக்குக் கையில் பணம் சேரும் வயதும் முழங்கால் பேசத் தொடங்கும் வயதும் பலருக்கு ஒன்றாக வருகின்றன. இடது கால் இல்லாதவருக்கு இந்த விவாதமே ஆடம்பரம். உரிமமும் குறுக்கே வரும். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுநர் தேர்வில் தேறியவர் மேனுவல் ஓட்ட முடியாது. சிங்கப்பூரில் 3ஏ வகுப்பு உரிமத்துக்கும் அதே கட்டுப்பாடு. ஜெர்மனியிலும் அப்படித்தான் இருந்தது. 2021 ஏப்ரல் முதல், மேனுவலில் குறைந்தது பத்துப் பாடவேளை பயின்று பள்ளியின் சிறு சோதனையில் தேறியவர், தேர்வை ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தாலும் இரண்டையும் ஓட்டலாம் என்று தளர்த்திவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவரும் தலைமுறையில் இந்த வண்டிகளை யாருக்கு விற்பது என்பது விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறவர்கள் யோசிக்காத விஷயம்.

மேனுவல் என்ற சொல்லும் முன்புபோல் தெளிவாக இல்லை. 2009-இன் நிஸ்ஸான் 370இசட், கீழ்க்கியருக்கு நெம்புகோல் நகர்வதைக் கவனித்து எஞ்சின் வேகத்தைத் தானே உயர்த்தியது. குதிகால் வித்தை கற்றவருக்கும் கல்லாதவருக்கும் அந்த வண்டியில் வித்தியாசமில்லை. 991 வகை 911-இன் ஏழு கியர் மேனுவல், பி.டி.கே.யிலிருந்து பிறந்தது, கை தடுமாறி ஏழில் விழாமலிருக்க, ஐந்திலிருந்தோ ஆறிலிருந்தோ மட்டுமே ஏழுக்குப் போகவிடும் பூட்டு அதில் உண்டு. கால் மிதிக்கிறது, கை போடுகிறது, கணினி திருத்துகிறது. மூன்று பெடல் இருப்பதாலேயே அது பழைய உறவு ஆகிவிடாது.

எனவே தேர்வு என்பது கொள்கையைவிடத் தலைமுறையைப் பொறுத்தது. டார்க் கன்வெர்ட்டர் காலத்து வண்டிகளில், அதாவது 2008-க்கு முந்தைய 911, போர்ஷேவின் பாக்ஸ்டர் போன்றவற்றில் மேனுவலே வண்டியின் இயல்போடு ஒத்துப்போகிறது. அங்கே அதற்கு இன்னொரு சத்தமில்லாத அனுகூலமும் இருக்கிறது. 1997 முதல் சுமார் 2005 வரையிலான அந்த வண்டிகளின் எஞ்சின்கள் பலவற்றில் இடைநிலைத் தண்டின் பேரிங் உடைந்து முழு எஞ்சினும் நாசமாவது அறியப்பட்ட அபாயம். அந்தப் பேரிங் ஃப்ளைவீலுக்குப் பின்னால், கியர்பாக்ஸை இறக்கினால்தான் எட்டும் இடத்தில் இருக்கிறது. மேனுவல் வண்டியில் கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்குவார்கள், கையோடு பேரிங்கையும் மாற்றிவிடுவார்கள். டிப்ட்ரானிக்கில் இறக்குவதற்குச் சாக்கு இல்லை. தேயக்கூடிய ஒரு பொருள் இருப்பதாலேயே உள்ளே எட்டிப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வாய்க்கிறது. துடுப்பு வைத்த ஒற்றைக் கிளட்ச் வண்டிகளை, பம்ப்புக்கும் கிளட்சுக்கும் தனியே பணம் ஒதுக்கியவர் மட்டும் தொடலாம். இரட்டைக் கிளட்ச் காலத்தில், தினமும் ஓட்டப்போகிறவர் பி.டி.கே. எடுத்தால் இழப்பது குறைவு. கிளட்ச் எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டதற்கு ரசீது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மலைப்பாதைக்குப் போகிறவருக்கு மேனுவல். வருங்கால விலையை நினைத்து வாங்குகிறவருக்கு இரண்டும் வேண்டாம், நிலம் வாங்கலாம்.

சோதிப்பதில் மர்மம் எதுவுமில்லை. மேனுவலில் நான்காம் கியரில் மெதுவாக ஓடும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்த வேண்டும்; எஞ்சின் வேகம் துள்ளி எழுந்து வண்டி பின்தங்கினால் தட்டு தீர்ந்துவிட்டது. பெடல் ஏறக்குறைய முழுக்க மேலே வந்த பிறகே பிடித்தாலும் அப்படித்தான். நியூட்ரலில் நின்று பெடலை மிதிக்கும்போது சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் எத்தனை நேரம் கழித்து வண்டி பிடிக்கிறது என்று கவனிக்கலாம். எண்ணெயில் கருகல் வாசம் இருந்தால் மேலே பேசத் தேவையில்லை. எஸ்.எம்.ஜி.யில் நின்றுகொண்டிருக்கும்போது பம்ப் எத்தனை முறை ஓடுகிறது என்று காது கொடுக்க வேண்டும். ஃபெராரியின் துடுப்பு கியர்பாக்ஸில் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்தது என்பதைக் கணினியே சொல்லும். இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு: தொடங்கும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் கியரின் முரண்டு, எண்ணெயின் தயக்கம், பம்ப்பின் களைப்பு மூன்றும் முதல் ஐந்து நிமிடத்தில்தான் வெளிப்படும், சூடானபின் ஒளிந்துகொள்ளும். போய் இறங்கியதும் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், இன்னொரு நாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது.